பெட்ரோல் போடாத தெரு

தெருக்குழியில் சைக்கிளோடு விழுந்து மகள் இலக்கியாவின் கை ஒடிந்ததும், குமுதவல்லி மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டாள்.

"பெட்ரோல் வரியிலதாம்மா ரோடு போடறோம். உங்க தெருவுல எல்லாமே பேட்டரி வண்டி. வரி வராத தெருவுக்கு எப்படிப் போடறது?" என்றார் பொறியாளர்.

"பேட்டரி வண்டி வாங்கச் சொன்னதே நீங்கதானே சார்?"

"அது வேற துறை."

வேறு வழியில்லாமல் தெருக்காரர்கள் பழைய பைக்குகளை வாங்கிவந்து, பெட்ரோல் ஊற்றி, வாசலில் நிறுத்தியபடியே எஞ்சினை ஓடவிட்டார்கள். புகையில் இலக்கியாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. திருச்சியிலுள்ள சித்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஒருவழியாகத் தார் போட்டார்கள். மேற்பார்வைக்கு வந்த பொறியாளர், "வண்டிய நிறுத்திடாதீங்கம்மா, அப்புறம் ஒட்டுப்போடக்கூட காசு வராது" என்றார்.

குமுதவல்லி அவர் எதிரிலேயே வண்டியை அணைத்துவிட்டு, மகளுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கே கெளம்பி வா."