பிளைமவுத்துக்கு மூன்று என்ஜின்

"எதைப் போடலாம்? ஓட்டறவன் நீதானே, சொல்லு" என்றார் ராஜாராம்.

முதலாளி தன்னிடம் யோசனை கேட்பது டிரைவர் இருசப்பனுக்கு இதுவே முதல் தடவை.

காஞ்சிபுரத்து ஒர்க்‌ஷாப்பில் அவருடைய பிளைமவுத் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. என்ஜின் புகை கக்குகிறது, இனித் தாங்காது. மூன்று வழி இருக்கிறது என்றார் மெக்கானிக் சாமுவேல். இந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினையே, தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து போரிங் செய்து ஓட்டலாம். இதே காரின் அடுத்த மாடலிலிருந்து கழற்றிய எட்டு சிலிண்டர் ஒன்று கிடக்கிறது, அதைப் பொருத்தலாம். இல்லையென்றால், பெட்ரோல் விற்கிற விலைக்கு எல்லோரும் செய்வதுபோல டீசல் என்ஜின்.

முதல் இரண்டும் பூனை மாதிரி வரும். டீசல் வருவது பக்கத்து ஊருக்கே கேட்கும்.

ராஜாராமின் அப்பா வைத்திருந்ததும் பழைய மாடல் பிளைமவுத்துதான். அதைவிட இது சத்தம் குறைவு என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. உபயோகமும் இருந்தது. மானாம்பதியில் அவருடைய வயலோரம் வண்டி வந்து நிற்பது நடவு நடுகிற பெண்களுக்குத் தெரியாது. ஹாரன் அடிக்கக் கூடாது என்று இருசப்பனுக்கு உத்தரவு. அவர் பார்க்கும்போது வேலையை விட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு மறுநாள் முதல் வேலை கிடையாது.

போன வாரம் மாட்டினவள் இருசப்பனின் மனைவி மலர்க்கொடி. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு தடவை போகட்டும் என்று விட்டார் முதலாளி. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினவன் இருசப்பன்தான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"டீசலே போட்டுடலாங்கய்யா. பெட்ரோல் ஊத்தி மாளல" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

ராஜாராம் முகத்தைச் சுளித்தார். "தமுக்கு அடிச்சிக்கினு போற மாதிரி இருக்குமேடா." எட்டு சிலிண்டரைக் காட்டும்படி சாமுவேலிடம் கையசைத்தார்.

அவ்வளவுதான், காரியம் கெட்டது என்று நினைத்தான் இருசப்பன்.

பின் சீட்டில் முதலாளியின் மனைவி தாயாரம்மாள் உட்கார்ந்திருந்தாள். ராஜகுளத்துக் கல்யாணத்திலிருந்து திரும்புகிற வழி அது. வண்டிக்குள் அவள் வாய் திறந்து இருசப்பன் கேட்டதில்லை.

"டீசலே இருக்கட்டுமே. தெருமுனையிலியே சத்தம் கேட்டா, நீங்க வர்றதுக்குள்ள இலை போட்டு வெச்சிடுவேன்."

ராஜாராமுக்கு அது நியாயமாகப் பட்டது. உட்கார்ந்ததும் சோறு சூடாக வந்தாக வேண்டும் அவருக்கு. சரி, டீசலையே ஏற்று என்று சாமுவேலிடம் சொல்லிவிட்டு, விலை பேச உள்ளே போனார்.

இருசப்பன் திரும்பிப் பார்த்தான். தாயாரம்மாளின் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் முன்சீட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

சில மத்தியானங்களில், முதலாளியை இறக்கிவிட்டு வண்டியை ஷெட்டில் விடும்போது, வீட்டுக்குள் "இன்னும் இலை போடலியா" என்ற அதட்டலும், கூடவே ஏதோ விழுகிற சத்தமும் அவனுக்குக் கேட்கும். பாத்திரம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தான்.