தங்காத மீன்

குசினிக்குள் நுழைந்த ஆதம்பாவா அடுப்பிலிருந்த சட்டியின் மூடியைத் தூக்கினார். அகப்பையால் குழம்பைத் துழாவி, ஒரு மீன் துண்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மஞ்சளாக் கிடக்கு!”

“மஞ்சள் போட்ட ஆணம் பின்ன நீலமாவா கிடக்கும்?” என்றாள் மனைவி நஜ்முன் நிஸா.

“புள்ள, உண்மையைச் சொல்லு. என்ட மீனை ஆக்கிட்டியா?”

“உங்கட மீன் உள்ளங்கை அளவு. இது பாரை. முள்ளைப் பாருங்க, விறகு மாதிரிக் கிடக்கு. அகப்பையை வைச்சிட்டு வெளிய போங்க.”

அகப்பையை வைத்துவிட்டு, அவர் மறுபடியும் மீன் அறைக்குத் தேடப் போனார்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் ஆதம்பாவாவுக்கு, சரக்கு இறக்க வந்த ஒரு கப்பலில் கப்டனின் அறையை எட்டிப் பார்த்த நாளில் பிடித்த பைத்தியம் இது. அங்கே ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் கடலே இருந்தது. அதைவிடப் பெரிதாய்த் தனக்கொன்று வேண்டுமென்று, குறிஞ்சாக்கேணி வீட்டோடு ஒட்டி ஓர் அறையே கட்டிவிட்டார்.

சுவரை ஒட்டிச் சீமெந்துத் தொட்டி. முன்பக்கத்துக்கு, இடித்த கடையொன்றின் தடித்த கண்ணாடி. ஓரங்கள் கசியாமல் இருக்க வள்ளங்களுக்குப் பூசும் குங்கிலியம். பழுதான குளிர்ப்பெட்டியிலிருந்து கழற்றிய மோட்டார் தண்ணீருக்குள் காற்று ஊதியது.

கடல் தண்ணீர் பீப்பாக்களில், உழவு இயந்திரத்தில் வந்தது. முதல் தடவை ஊற்றியபோது கண்ணாடி பிய்த்துக்கொண்டு அறை முழுக்க வெள்ளம். பக்கத்து வீட்டுத் தாராக்கள் வந்து நீந்திவிட்டுப் போயின. இரண்டாம் தடவை ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஆதம்பாவா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் ஆடினார்.

ஊர் வேறு மாதிரி நினைத்தது. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவது அங்கே வழக்கம். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை இருக்கும் வீட்டில் புதிதாய் அறை எழும்பினால், அது எதற்கென்று யாரும் கேட்பதில்லை.

“மாப்பிள்ளை எப்ப வாறார் காக்கா?” என்று பள்ளிவாசலில் விசாரித்தார்கள்.

“வாளியில வாறார்,” என்பார் இவர்.

நஜ்முன் நிஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “ஸுல்பிகா குமராகி எவ்வளவு காலம்? கட்டின அறையில மீனைக் குடி வைச்சிட்டு, நான் எந்த மூஞ்சியோட மாப்பிள்ளை கேட்டுப் போற?”

சண்டை முற்றி, கடைசியில் ஓர் ஒப்பந்தமானது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் மீன் தங்கினால் அறை மீனுக்கு. தங்காவிட்டால் தொட்டியை உடைத்து, அறை மகளின் மாப்பிள்ளைக்கு.

மீன் கொண்டுவந்தவன் அஸீம். கொழும்பு வியாபாரிகளுக்காகக் கடலில் முக்குளித்து நிறமீன் பிடிக்கும் மூதூர் இளைஞன்.

“காக்கா, இது நல்ல உசார் மீன்,” என்று வாளியிலிருந்து ஒரு மஞ்சள் மீனைத் தொட்டியில் விட்டான். வண்ணாத்திப்பூச்சி பறப்பதுபோல அது நீந்தியது. ஆதம்பாவா அன்று சோற்றுக் கோப்பையோடு தொட்டிக்கு முன்னாலேயே குந்திவிட்டார்.

மறுநாள் மீனைக் காணவில்லை. செத்து மிதக்கவுமில்லை, முள்ளும் கிடக்கவில்லை. அதைத் தேடித்தான் அவர் சட்டியைத் திறந்தது.

அஸீம் இன்னொன்று கொண்டுவந்தான். அதுவும் போயிற்று. பூனை அடித்துத் துரத்தப்பட்டது. யன்னலுக்கு வலை போடப்பட்டது. அடுத்த மீனும் போயிற்று.

“ஜின்தான் தின்னுது,” என்றார் ஆதம்பாவா.

“ஜின்னுக்குப் பாரை பிடிக்காதாமா?” என்றாள் நஜ்முன் நிஸா.

“கவலைப்படாதீங்க மாமா,” என்றான் அஸீம். “நாளைக்கும் கொண்டு வாறன். அது போனா நாளையிண்டைக்கும் வாறன்.”

அவன் போனதும் ஆதம்பாவா உருகிப்போனார். “தங்கமான பொடியன். எத்தினை தரம் கூப்பிட்டாலும் முகம் சுளிக்கிறானில்ல.”

“ஓம், நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

பெருநாளுக்கு முதல் நாள் அஸீம் மறுபடியும் வந்தான். இந்த மீனும் போனால் அறையும் போய்விடும். மீன் தொட்டிக்குள் இறங்கியதும், ஆதம்பாவா தொழப் போவதாகச் சொல்லிப் படலை வரை நடந்தார். அங்கே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி வந்து யன்னலால் எட்டிப் பார்த்தார்.

நஜ்முன் நிஸா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மா அரிக்கும் அரிதட்டால் மீனை அள்ளிக்கொண்டிருந்தாள். பின்வாசலில் அஸீம் வாளியை நீட்டினான். மீன் பழகிய இடத்துக்குப் போவதுபோல, துள்ளாமல் அதற்குள் இறங்கியது.

“அட அல்லாவே! ஒரே மீனைத்தானா இவ்வளவு நாளும் காட்டினீங்க?” ஆதம்பாவா யன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். “என்னைத் தோற்கடிக்கத்தானா நிஸா இவனையும் கூட்டுச் சேர்த்த நீ?”

அஸீம் வாளியைக் கட்டிப் பிடித்தபடி தலை குனிந்துகொண்டான். கதவுக்குப் பின்னால் ஸுல்பிகா வாயைப் பொத்திச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நஜ்முன் நிஸா ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

“மீனை விடுங்க, கொண்டு வாற பொடியனை அந்த அறையில வைச்சுக்கொள்ளுங்க.”