ரெண்டாம் மாடி வயர்

கிட்ட வந்து உட்காருங்க. வயசுல மூத்த மனுஷனை, படிக்கட்டுல நிக்க வெச்சு, நாலு பேர் பார்க்க ஒருத்தி வாங்கு வாங்குன்னு வாங்கின கதை இது. கேட்டு முடிச்சுட்டு அவளைத் திட்டணும்னா தாராளமா திட்டுங்க.

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ஹெட்செட் அக்கா என்று பேர். மூணாம் மாடி. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்காக போன் எடுத்துப் பேசுகிற வேலை. ஒரு வாரமாக நெட் வருவதும் போவதுமாகக் கண்ணாமூச்சி ஆடியது. பேச்சு பாதியில் அறுந்தது.

"இன்னைக்கும் ஒரு கால் கட்டாச்சுன்னா, நாளைக்கு லாகின் பண்ண வேண்டாம்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

நெட் கொடுக்கிற கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"யாரோ ஒருத்தர் வீட்டு வயர் வழியா லைன்ல இரைச்சல் ஏறி, சிக்னலைக் கெடுக்குது மேடம். ஆள் வர நாலஞ்சு நாள் ஆகும்."

"நாலஞ்சு நாள்ல எனக்கு வேலையே இருக்காது தம்பி. வழியைச் சொல்லு, நானே பார்க்கிறேன்."

அவன் சொன்னான். படிக்கட்டுச் சுவரில் ஒரு பெட்டி. அதிலிருந்துதான் எல்லா வீட்டுக்கும் வயர் பிரிகிறது. ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது அவள் வீட்டு மோடத்து விளக்கு சிமிட்டாமல் நிற்கிறதோ, கோளாறு அந்த வீட்டில்.

புருஷனை மோடத்துக்குக் காவல் வைத்துவிட்டு, ஸ்பேனரோடு இறங்கினாள்.

சத்தம் கேட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றது ரெண்டாம் மாடி மைக்செட். அப்படித்தான் அவரைச் சொல்வார்கள். நெட் போனால் முதலில் கிளம்புகிற தொண்டை அவருடையதுதான்.

"என்னம்மா சர்வீஸ் இது! என் வீட்டுலயும் காலையிலேருந்து சுத்திக்கிட்டே கிடக்கு!"

முதலில் கீழ்வீட்டு மீசைக்காரருடைய வயரைக் கழற்றினாள்.

"சிமிட்டுது!" என்றான் புருஷன் மேலேயிருந்து.

முதல் மாடி.

"சிமிட்டுது!"

ரெண்டாம் மாடி.

"நின்னுடுச்சுடி! அப்படியே நிக்குது!"

மைக்செட் தன் வீட்டு வாசலுக்கு நகர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஊருக்கு முன்னாடி கத்தினவர் வீட்டுலதான் சங்கதியே இருக்கு! வாங்க, உள்ளே போய்ப் பார்த்துடலாம்" என்று மீசைக்காரர் செருப்பைக் கழற்றினார்.

"வேணாங்க... வீடு போட்டது போட்டபடி கிடக்கு." கதவை மறித்துக்கொண்டு நின்றார் மைக்செட்.

ஹெட்செட் அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் போறதுக்கு உள்ளே என்ன சர்க்கஸா நடக்குது? நான் மட்டும் பார்க்கிறேன். நகருங்க."

அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஏன் அண்ணே, இந்த வயசுல கொஞ்சமாவது நியாயம் வேணாமா? ஒரே நேரத்துல மூணு படம்! கட்டடத்து நெட்டை மொத்தமா உறிஞ்சிட்டு, வெளியில வந்து எங்களோட சேர்ந்து கத்துறீங்களா? வெக்கமா இல்ல?"

மைக்செட் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதாம்மா. இனிமே ஒண்ணோட நிறுத்திக்கிறேன்."

"மூணு படமா! வாழறார்யா மனுஷன்!" மீசைக்காரர் சிரித்துக்கொண்டே இறங்கினார். கூட்டம் கலைந்தது. பெட்டியை மூடிவிட்டு அவள் மேலே ஏறினாள்.

புருஷனுக்கு மனசு ஆறவில்லை. "அவருக்கு எங்கப்பா வயசு. நெட் சரியாச்சுல்ல, அப்புறம் எதுக்கு அந்த வாய்?"

அவள் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த வீட்டுல மோடமே இல்லைங்க."

"என்னது?"

"டிவியும் இல்லை. வயர் முனை சுவரோரம் சும்மா திறந்து கிடக்கு. இரைச்சல் அது வழியாத்தான் ஏறியிருக்கு. வேலை போய் ஆறு மாசமாச்சாம். தினமும் டிப்டாப்பா பையோட கிளம்புறது வேலை தேடி. தெரிஞ்சா இளக்காரமாப் பார்ப்பாங்கன்னு, நெட் போறப்போ எல்லாம் நமக்கு முன்னாடி வந்து கத்துறார். அவர் சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க."

அவன் மோடத்தைத் திரும்பிப் பார்த்தான். "வேலை தேடவாவது நெட் வேணுமே... நம்ம வைஃபை அங்க எட்டுமே?"

"நம்ம பாஸ்வேர்டை அவர் போன்ல போட்டுக் கொடுத்துட்டுத்தான் வெளியே வந்து கத்தினேன். அவர் வயரைப் பெட்டியில திரும்ப மாட்டவும் இல்லை."

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு ஒரு கால்கூட அறுபடவில்லை.

மறுநாள் காலை மைக்செட் பையோடு படி இறங்கினார். வாசலில் மீசைக்காரர்.

"என்ன அண்ணே, உங்க கம்பெனியில ஆளைக் குறைக்கிறாங்கன்னு யாரோ சொன்னாங்களே, நெஜமா?"

மைக்செட் பையை மறு கைக்கு மாற்றினார்.

மூணாம் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள் ஹெட்செட் அக்கா:

"ராத்திரி மறுபடியும் படமா அண்ணே? இன்னைக்கு ஆபீஸ்ல தூங்கி வழியப் போறீங்க, பாருங்க!"