போய் வரும் எழுத்துகள்

அவள் இன்னும் வெளியிடவே இல்லை.

அதற்குள் அந்த வரி வெளிவந்துவிட்டது.

‘முதல் பாதி, பந்தி போடாத கல்யாண மண்டபம். எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இலைதான் வரவில்லை.’

காலைக் காட்சி விட்டு பிரவுசிங் சென்டருக்கு நடந்து வரும் வழியில் அவளுக்குத் தோன்றிய வரி. ஒன்றாம் நம்பர் கணினியில் இப்போதுதான் அடித்தாள். வெளியிடும் பொத்தானைத் தொடவில்லை. ஆனால் அது ஈட்டியின் வலைப்பதிவில் இருந்தது.

காற்புள்ளிகூட இடம் மாறாமல்.

கீழே ஒரு குறிப்பு: ‘இரண்டாம் பாதி சற்று நேரத்தில்.’

ஈட்டி என்பது புனைபெயர். ஆள் சென்னையில் இருந்தார். வெள்ளிக்கிழமை படம் வந்தால் தமிழ் வலைப்பதிவுகளில் இரண்டு விமர்சனங்களைத்தான் எல்லாரும் தேடினார்கள். ஒன்று அவருடையது. இன்னொன்று, திருநெல்வேலியில் இருந்து அவள் எழுதுவது.

இப்போது அவளுடையதைத் தேடி வருகிறவர்கள் சிரிக்கத்தான் வந்தார்கள்.

‘யக்கோவ், காப்பி அடிச்சாலும் கமாவையாச்சும் மாத்துங்க.’

போன வாரம் ஒருவர் போட்ட பின்னூட்டம். அதற்குக் கீழே எண்பது பேர் சிரித்திருந்தார்கள்.

இந்த எழுத்தை நம்பிப் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தாள். இணைய இதழ் ஒன்று அவளுக்கு நிரந்தரப் பகுதி தந்திருந்தது. அதன் ஆசிரியர் காலையிலேயே பேசிவிட்டார்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கும் ரெண்டும் ஒண்ணா இருந்துச்சுன்னா, உங்க பகுதிய நிறுத்துறதத் தவிர எனக்கு வேற வழியில்ல.”

கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்திருந்தாள். சென்டரை மாற்றிப் பார்த்திருந்தாள். திரும்பி வந்து, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். படம் எப்படி என்று கேட்ட தோழியிடம்கூட வாய் திறக்கவில்லை.

மண்டைக்குள் இருப்பதை எப்படி எடுக்கிறார்?

இரண்டாம் பாதியைத் தொடங்கினாள். அப்பா என்று அடித்தாள்.

அப்பா என்று வரவில்லை.

ஆங்கில எழுத்தாகவே நின்றது. அழித்து மறுபடி அடித்தாள். அப்போதும் ஆங்கிலம்தான்.

“நெட்டு போயிட்டும்மா,” கல்லாவில் இருந்து பீர் பாய் குரல் கொடுத்தார். “கொஞ்சம் பொறுங்க. அதுக்குள்ள அந்தக் கீபோர்டப் போட்டு இடிக்காதிய. அது என்ன பாவம் செஞ்சுது?”

அவள் கை அப்படியே நின்றது.

நெட் போனால் தமிழ் ஏன் போக வேண்டும்?

அவள் அடித்துக்கொண்டிருந்தது ஓர் இணையப் பக்கத்தில். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக்கித் தரும். அதை நகலெடுத்து வலைப்பதிவில் ஒட்டிக்கொள்ளலாம். இலவசம். பதிவர்களில் பாதிப் பேர் அதில்தான் அடித்தார்கள். எழுத்து இந்தக் கணினிக்குள்ளேயே மாறுகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள், பேனாவுக்குள் மை இருப்பது போல.

இல்லை. இங்கே மாறுவதாக இருந்தால் நெட் இல்லாமலும் மாறியிருக்கும்.

எழுத்து இங்கிருந்து போகிறது. எங்கேயோ தமிழாகித் திரும்பி வருகிறது. கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடுவதால் போனதே தெரிவதில்லை.

மாவு மில்லுக்குக் கொடுத்த அரிசிதான். இன்று யார் வீட்டில் இடியாப்பம் என்று மில்காரருக்குத் தெரியாதா?

பக்கத்தின் அடிக்கு இறக்கிப் பார்த்தாள். பொடி எழுத்தில் இருந்தது.

‘ஆக்கம்: ஈட்டி.’

தெரிந்த பெயர்தான். தெரிந்த செய்திதான். இந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்ததற்காகத்தான் பதிவர் சந்திப்பில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

போர்த்தியவள் அவள்.

நிமிர்ந்தாள்.

“பாய், நெட்டு இல்லாம இங்க தமிழ் அடிக்க முடியுமா?”

“மூணாம் நம்பர்ல உக்காருங்க. கல்யாணப் பத்திரிக்கை எல்லாம் அதுலதான் அடிக்கது. அதுக்கு நெட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.”

மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தாள். முதல் பாதியைப் புதிதாக எழுதினாள். பந்தியும் இலையும் அதில் இல்லை. அவை இனி அவருடையவை. பிறகு இரண்டாம் பாதி. ரயில் நிலையத்தில் அப்பா மகனை மன்னிக்கிறார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். படம் முடிகிறது.

“நெட்டு வந்துட்டும்மா!”

வெளியிட்டால் வேலை முடிந்தது. அவள் வெளியிடவில்லை. எழுந்து ஒன்றாம் நம்பருக்குத் திரும்பி வந்தாள். அந்தப் பக்கம் திறந்தபடியே இருந்தது.

அப்பா என்று அடித்தாள். அப்பா என்று வந்தது.

அவசரப்படாமல், இதுவரை எந்தப் படத்துக்கும் எழுதாத அழகோடு, ஒவ்வொரு காற்புள்ளியையும் அதன் இடத்தில் வைத்து அடித்தாள்.

‘ரயில் நிலையத்தில், மகன் ஓடி வருவதற்குள், அப்பா இறந்துவிடுகிறார். தியேட்டரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.’

படத்தைப் பார்த்த யாரும் இப்படி எழுத மாட்டார்கள். பிறகு ஈட்டியின் வலைப்பதிவைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டாள்.

வழி இவ்வளவுதான். உண்மையை மூன்றாம் நம்பரில் அடிக்க வேண்டும். இங்கே பொய்யை.