சௌமு வீட்டு மாம்பழ ஐஸ்

இந்தச் சான்சிபார் தீவில் என் நாக்கை ஏமாற்றியவர் யாரும் கிடையாது. பக்கத்து வீட்டு சௌமுவுக்கு அது தெரியவில்லை, பாவம்.

"பொட்டுச் சர்க்கரை போடலை, மோஸா அக்கா. டாக்டர் இவருக்குச் சர்க்கரையே கூடாதுன்னுட்டார். பழத்தைப் பிழிஞ்சு, நாரை வடிகட்டி, உறைய வெச்சேன். நடுவுல ரெண்டு தடவை கிளறி விட்டேன். அவ்வளவுதான்."

ஒரு கரண்டி வாயில் வைத்தேன். பஞ்சாகக் கரைந்தது. தேனாக இனித்தது.

"யார் காதுலடி பூ சுத்துற? ரெண்டு கிண்ணம் சர்க்கரையாவது கொட்டியிருப்ப. கட்டின புருஷனுக்கே இப்படிப் பண்ணலாமா?"

அவள் புருஷன் மக்காமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளை முறைத்தான்.

"சத்தியமா வெறும் பழம்தான், அக்கா."

"எந்த ஊர்ப் பழம்? சந்தையில பொறுக்கி எடுத்து வாங்குறவ நான். எனக்கே கால் கிலோ சர்க்கரை போட்டாத்தான் வாயில வைக்க முடியுது. உனக்கு மட்டும் வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"திமிரைப் பாரு! எங்கே, கொண்டா அந்தப் பழத்தை!"

உள்ளே போனவள் ஒரு வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

வாளி என்னுடையது.

என் வீட்டு மாமரத்தடியில் விழுந்து கிடந்ததையெல்லாம் கூட்டி அள்ளி, "வெறும் நாரு, மனுஷன் தின்பானா? உன் ஆட்டுக்குப் போடு" என்று நேற்றுக் காலை நான்தான் அதை வேலிக்கு மேலே நீட்டினேன்.

மக்காமே கரண்டியை மறுபடி எடுத்தான்.

"அக்காவுக்கு இன்னொரு கிண்ணம் வை, சௌமு. ஆடு கோவிச்சுக்காது."