யாகப்பு வீட்டு லாம்பு

1992இல் குருநகர் வரலாற்றுக் கழகம் கடற்றொழில் கண்காட்சி வைத்தது. மண்ணெண்ணெய்க்கு அலைந்த காலம். ஆனாலும் யோசப்பின் என்பவள், கடலுக்குப் போனவருக்காக வீட்டில் ஏற்றும் லாம்பைக் கொண்டுவந்து, கொளுத்தியே மேசையில் வைத்தாள். அவள் புருஷன் யாகப்பு கடலுக்குப் போய் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை.

பின்னேரம் சனம் கலைந்ததும் கழகத் தலைவர் கனிசியஸ், "எண்ணெய் வீணாகுது, லாம்பை நூர்த்துவிடு பிள்ளை" என்றார்.

"இல்லை அண்ணை. கடலாலை வந்தவர்தான் தன்ரை கையாலை நூர்க்கவேணும். எங்கடை வழக்கம் அது."

கனிசியஸ் யன்னல்களைப் பூட்டினார். திரும்பியபோது லாம்பின் திரியை இறக்கும் திருகு ஒருவரும் தொடாமலே மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. சுடர் தாழ்ந்து அணைந்தது. திருகிலிருந்து தண்ணீர் சொட்டியது.

யோசப்பின் அவசரமாக எழுந்தாள்.

"நான் வாறன் அண்ணை. வீட்டிலை ஒருத்தருக்குத்தான் சோறு ஆக்கி வைச்சிருக்கிறன்."