ஓரிக்கைக் கருடன்

ஸௌந்தரராஜன் மாமா பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்து, கருடனின் இறக்கையை ஒவ்வோர் இறகாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எதிரே பாயில் உட்கார்ந்திருந்த ஸுதர்சனுக்கு, மின்விசிறிக்கு நேர் கீழேயும் வியர்த்துக் கொட்டியது.

இறக்கை முடிந்து நகத்துக்கு வந்தார். நகம் முடிந்து மறுபடி இறக்கைக்குப் போனார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். ஒரு தப்பாவது கண்டுபிடிக்காமல் எந்தத் தாளையும் கீழே வைத்தவரில்லை.

"எல்லாமே இவ்வளவு துல்லியமாவா விழும்?" என்றார் கடைசியில்.

"ஆட்டோஃபோகஸ், மாமா." அந்த வார்த்தையைச் சொல்ல ஸுதர்சனுக்கு நாக்குக் கூசியது.

கும்பாபிஷேகம் வரைக்கும் கூசவில்லை. சிங்கப்பூர் மைத்துனன் அந்தக் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்ததிலிருந்து, சின்ன காஞ்சிபுரத்தில் அவன் ஆட்டோஃபோகஸின் பெருமை பேசாத வீடு கிடையாது. பறக்கிற பட்சியைக் காட்டிவிட்டால் போதுமாம், கேமராவே துரத்திக்கொண்டு போகுமாம். கொசுவாக இருந்தால் அது யாரைக் கடித்துவிட்டு வருகிறது என்பதுகூடத் தெரியுமாம். அதை நம்பித்தான் தெருப் பெருமாள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வேறு யாரையும் படமெடுக்கக் கூப்பிடவில்லை.

கருடன் வந்து வட்டமிட்டால்தான் விமானத்துக் கலசத்தில் நீர் ஊற்றுவது வழக்கம். அன்றைக்கென்று பார்த்துக் கருடன் வரவில்லை. நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. திருப்பணிக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய தர்மகர்த்தா ஸௌந்தரராஜன் மாமா ஏதோ குறை வைத்துவிட்டார் என்று கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. மாமாவையும் காணோம். தனியாகப் போய்ப் பெருமாளிடம் அழுகிறார் என்றார்கள்.

அப்போதுதான் தென்னந்தோப்புக்கு மேலே கருடன் எழும்பியது. இறக்கையைக்கூட அசைக்காமல், விமானத்துக்கு மேலே ஆடி ஆடி நின்றது. ஜனம் கையைத் தூக்கிக் கும்பிட்டது.

பக்கத்து மொட்டைமாடியில் நின்ற ஸுதர்சன் பட்டனை அமுக்கினான். கேமரா கிர்ரென்று பட்சியிடம் போனது. கிர்ரென்று கலசத்துக்குத் திரும்பியது. இரண்டில் எது பெரிய மனுஷன் என்று அது தீர்மானிப்பதற்குள் கருடன் தோப்புக்குள் சரிந்துவிட்டது.

கருடன் போன பக்கம் இழுத்த இழுப்பில் கேமராவின் தோள்வாரும் அறுந்தது. மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் நீளமாக ஒரு பட்டு நூல் கிடந்தது. காஞ்சிபுரத்தில் பட்டு நூல் எங்கே கிடந்தாலும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஸுதர்சனும் கேட்காமல், அதை மடித்து முறுக்கி வாரைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

பிலிமைக் கழுவிய ஸ்டுடியோ காஜா உள்ளதைச் சொன்னார். "கலசம் சூப்பரா வந்துக்குது சார். அதும்மேல எறும்பு ஏறிக்கினு இருக்குது பாருங்க. பட்சிதான் இன்னான்னே தெரியலபா, போண்டா மாரி இருக்குது."

போண்டாவைக் கொண்டுபோய்த் தெருவில் எப்படிக் காட்டுவது? ஸுதர்சன் மறுநாள் ஓரிக்கைக்குப் போய்ப் பாலாற்றங்கரையில் காத்துக் கிடந்தான். அங்கே ஒரு கருடன் வெறும் வானத்தில் வட்டமிட்டது. குறுக்கே கலசம் எதுவும் இல்லாததால் கேமராவும் சமர்த்தாகப் பிடித்தது. அடுத்த படத்தில் கருடனின் நகத்தில் மீன் இருந்தது. பெருமாள் கோயிலுக்கு அது ஆகாது என்று, முந்தின படத்தையே பெரிதாக்கிக் கொண்டுவந்தான்.

அந்தப் படத்துக்குத்தான் நாளைக்குக் கண்ணாடி போட்டுக் கோயில் மண்டபத்தில் மாட்டி, கற்பூரம் காட்டப் போகிறார்கள். காலையில் எதிர்வீட்டு ரமாமணி மாமி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குச் சேவித்த அதே முகம் என்று கண்ணீர் விட்டாள். அதிலிருந்து ஸுதர்சனுக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அவர் பார்வை படத்தை விட்டுக் கேமராவுக்குப் போய், வாரைக் கட்டியிருந்த நூலில் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது.

நெகட்டிவெல்லாம் யாரிடம் இருக்கிறது, வேறு யாராவது பார்த்தார்களா என்று மெதுவாக விசாரித்தார். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. தேங்காய் உடைத்தபோது பட்டதாம்.

கண்டுபிடித்துவிட்டார் என்று ஸுதர்சனுக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குமேல் தாங்கவில்லை.

"மன்னிச்சிடுங்கோ மாமா. இது நம்ம கோயிலுக்கு வந்த கருடன் இல்லை. அது ஒண்ணுகூட சரியா விழலை. எல்லாம் மங்கல். மானம் போயிடுமேன்னு இதை ஓரிக்கையில எடுத்துண்டு வந்தேன்."

தலையைத் தூக்காமலே, படத்தை மாட்ட வேண்டாம் என்றும், நாளைக்கு எல்லார் முன்னாலும் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னான்.

மாமா எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டார். அறையத்தான் போகிறார் என்று ஸுதர்சன் கன்னத்தைத் தோதாக வைத்துக்கொண்டான்.

அறை விழவில்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, கேமரா வாரிலிருந்த பட்டு நூலை முடிச்சவிழ்த்து எடுத்தார். அதைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எட்டுப் போட்டு விறுவிறுவென்று சுற்றினார். காத்தாடி விட்டுப் பழகிய கை. சுற்றிய நூலை இடுப்பில் செருகிக்கொண்டு, படத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நன்னாயிருப்படா ஸுதர்சா. படத்துலயாவது நிஜக் கருடன் இருக்கே."